பழைய நான்கு சக்கர விசை வண்டி: பழுதுகளும் காரணம் காணும் முறையும்

மலைப்பாதையிலும் சேற்று நிலத்திலும் செல்லவேண்டிய மோட்டார் வண்டிக்குப் பின் சக்கரங்கள் இரண்டின் பிடிப்பு மட்டும் போதுவதில்லை. எஞ்சினின் விசையை முன் சக்கரங்களுக்கும் செலுத்தி, நான்கு சக்கரங்களும் நிலத்தைப் பற்றி உந்துமாறு அமைத்த வண்டியே நான்கு சக்கர விசை வண்டி எனப்படும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் தோன்றிய ஜீப் இவ்வகையில் உலகெங்கும் பெயர் பெற்றது. இந்தியாவில் 1947-ஆம் ஆண்டு முதல் பம்பாயில் மகிந்திரா நிறுவனத்தார் இதன் பாகங்களை வரவழைத்துப் பூட்டி விற்கத் தொடங்கினர். 1953-இல் அமெரிக்காவில் வெளிவந்த சிஜே-3பி என்னும் வகை, அந்நாட்டில் 1968-இல் நிறுத்தப்பட்ட பின்னரும் இந்தியாவில் நெடுங்காலம் செய்யப்பட்டு வந்தது. இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஜீப்புகளில் பல இவ்வகையையோ, இதன் வழிவந்த வகைகளையோ சேர்ந்தவை.

மகாராஷ்டிரத்தில் உள்ள புணே நகரம் இத்தகைய வண்டியின் குணங்களையும் குறைகளையும் அறிவதற்கு ஏற்ற இடமாகும். மோட்டார் வாகன ஆராய்ச்சிக்கென 1966-இல் நிறுவப்பட்ட ஏ.ஆர்.ஏ.ஐ. என்னும் சங்கம் இந்நகரின் வேதாள் குன்றின்மீது அமைந்துள்ளது. நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் உள்ளது. தென்மேற்கே சிங்ககட் கோட்டை சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. மேற்கே முல்ஷி ஏரியைக் கடந்து தாம்ஹினி கணவாய் வழியாகக் கொங்கண நாட்டிற்கு இறங்கும் பாதை உண்டு. புணே நகரம் சகியாத்திரி மலையின் மழை மறைவில் இருப்பினும், தாம்ஹினிப் பகுதியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை அதைப்போல் பல மடங்கு மழை பெய்கிறது. செங்குத்தான ஏற்றம், நீண்ட இறக்கம், ஓடைநீர், சேறு ஆகிய நான்கையும் ஒரே நாளில் ஒரு வண்டி சந்திக்க நேரும்.

இந்நாட்டில் சொந்த உபயோகத்திற்கான வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனைக்கு உட்பட்டு, ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆகவே பழைய வண்டியைப் பழுதின்றி வைத்திருப்பது உடையவரின் விருப்பம் மட்டுமன்று, சட்டத்தின் தேவையுமாகும். எனினும் பழைய வண்டிகளின் பழுதுநீக்கத்தில் பெரும்பொருள் வீணாவது ஒரு காரணத்தால்தான். பழுது தோன்றும் இடத்தையே பழுதின் காரணம் இருக்கும் இடமாகக் கொண்டு, அங்குள்ள பாகத்தை மாற்றிவிடுகின்றனர். பழுதோ சில நாட்களில் மீண்டும் வருகிறது. குறி ஓரிடத்திலும் காரணம் வேறிடத்திலும் இருப்பது இவ்வண்டிகளில் பெரிதும் காணப்படும் இயல்பு. சிஜே-3பி ஜீப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

வண்டியின் அமைப்பு

சிஜே-3பி வண்டியின் பெட்ரோல் எஞ்சின் நான்கு சிலிண்டர்களை உடையது. கொள்ளளவு சுமார் 2.2 லிட்டர். காற்றும் பெட்ரோலும் உட்புகும் வால்வுகள் மேலே சிலிண்டர் தலையிலும், எரிந்த வாயு வெளியேறும் வால்வுகள் கீழே சிலிண்டர் கட்டையிலும் அமைந்துள்ளன. எஞ்சினுக்குப் பின் கிளட்சும், மூன்று வேகங்களை உடைய கியர் பெட்டியும், அதனை ஒட்டித் துணைக் கியர் பெட்டியும் உள்ளன. துணைப் பெட்டியைப் பட்டறைகளில் டிரான்ஸ்பர் கேஸ் என்பர். விசையை முன் அச்சிற்கும் பின் அச்சிற்கும் பகிர்ந்தளிப்பதும், வேண்டும்போது வேகத்தைக் குறைத்து இழுவிசையைப் பெருக்குவதும் இதன் வேலை.

முதல் கியரில் விகிதம் 2.80, துணைப் பெட்டியின் தாழ்ந்த நிலையில் 2.46, அச்சில் 5.38. இம்மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 37 கிடைக்கிறது. அதாவது எஞ்சின் 37 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். உராய்வினால் ஏற்படும் இழப்பை நீக்கிப் பார்த்தால், எஞ்சினின் திருகுவிசை சக்கரத்தில் 37 மடங்காகிறது. இச்சிறிய எஞ்சின் கடும் ஏற்றத்தையும் கடப்பதன் மர்மம் இதுவே.

உஷ்ணத்தில் நின்றுவிடும் எஞ்சின்

சமவெளியில் நன்றாக ஓடிய வண்டி, கோடைக்காலத்தில் மலைமேல் பாதிதூரம் ஏறியதும் இருமி நின்றுவிடும். அரைமணி நேரம் கழித்து ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் கிளம்பும். இக்குறிக்குப் பொதுவாக இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்துக்கொள்ளுதல். இவ்வெஞ்சினில் பெட்ரோல் பம்பும் புகைவாயு வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் உள்ளன. பம்பு சூடேறினால் அதனுள்ளிருக்கும் பெட்ரோல் ஆவியாகிறது. பம்பின் தோல்தகடு திரவத்தைத் தள்ளுவதற்குப் பதிலாக ஆவியை வீணே அமுக்கி விரிக்கிறது. இரண்டாவது, தீப்பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயில் அல்லது கண்டென்சர் சூட்டில் செயலிழத்தல். ஆறியதும் இரண்டும் சரியாகிவிடுவதால், ஒன்றை மற்றொன்றாக எண்ணி ஏமாறுவது எளிது.

வண்டி நின்ற அக்கணத்திலேயே சோதித்தல் வேண்டும். ஒரு தனி ஸ்பார்க் பிளக்கைக் கம்பியில் மாட்டி, அதன் உலோக உடலை எஞ்சினின் இரும்பில் படியவைத்து, ஒருவர் ஸ்டார்ட்டரை இயக்கவேண்டும். பெட்ரோல் கசிவு இல்லையென உறுதி செய்துகொண்ட பின்னரே இதனைச் செய்வது பாதுகாப்பு. நீலநிறமான வலிய பொறி ஒழுங்காகத் தோன்றினால் மின்பகுதி குற்றமற்றது. அதன்பின் நனைத்த துணியைப் பம்பின்மேல் சுற்றி, சில நிமிடங்கள் கழித்து எஞ்சினை இயக்கிப் பார்க்க வேண்டும். கிளம்பினால் ஆவியடைப்பே காரணம். பலர் செய்வதுபோல் காயிலின்மேலும் பம்பின்மேலும் ஒரே சமயத்தில் நீர் ஊற்றினால் வண்டி கிளம்பும். ஆனால் எதனால் நின்றது என்பது தெரியாது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிப்பது விஞ்ஞான முறையின் முதல் விதியாகும்.

ஆவியடைப்பு எனத் தெரிந்தால், பெட்ரோல் குழாயைப் புகைக்குழாயிலிருந்து விலக்கி அமைப்பதும், இடையில் வெப்பத் தடுப்புத் தகடு ஒன்றை வைப்பதும் நிலையான பரிகாரங்கள்.

ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுழலும்போது பாட்டரியையே பலர் முதலில் மாற்றுகின்றனர். அதற்கு முன் ஒரு வோல்ட்மீட்டரைக் கொண்டு, ஸ்டார்ட்டர் சுழலும்போது பாட்டரியின் தரைமுனைக்கும் எஞ்சின் கட்டைக்கும் இடையே உள்ள மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். 12 வோல்ட் வண்டியில் இது அரை வோல்ட்டிற்கு மேற்பட்டால், துருவேறிய தரைக்கம்பியில் மின்சாரம் வீணாகிறது என்பது தெளிவு. அந்நிலையில் கம்பியின் முனைகளைச் சுரண்டி இறுக்குவதே போதுமானது.

நீர் கொதித்தல்

நீரின் கொதிநிலை காற்றழுத்தத்தைப் பொறுத்தது. புணே நகரில் திறந்த பாத்திரத்தில் நீர் சுமார் 98 பாகை சென்டிகிரேடில் கொதிக்கிறது. சிங்ககட் உச்சியில் 96 பாகைக்கும் சற்றுக் குறைவாகவே கொதிக்கும். ரேடியேட்டரின் மூடி சதுர அங்குலத்திற்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்குவதாயின், கொதிநிலை சுமார் 12 பாகை உயரும். மூடியின் ரப்பர் வளையம் கெட்டுப்போனால் இந்தப் பாதுகாப்பு முழுதும் இல்லாமற் போகிறது. விலை குறைந்த அச்சிறு பாகத்தைக் கவனியாமல், ரேடியேட்டரைக் கழற்றிப் பிரிக்கும் வழக்கம் உண்டு. ஆனால் வண்டிக்கு உரியதைவிட அதிக அழுத்தம் தாங்கும் மூடியை இடுவதும் தவறாகும். பழைய ரேடியேட்டரின் ஈயப்பற்றுகள் அதனால் விட்டுப்போகக்கூடும்.

மூடி, விசிறி வார், தெர்மோஸ்டாட் ஆகியவை சரியாயிருந்தும் கொதித்தால், ரேடியேட்டரின் முகத்தைக் கையால் தடவிப் பார்ப்பது பயன் தரும். எஞ்சினை நிறுத்தி, விசிறி ஓய்ந்த பின்னரே இதனைச் செய்ய வேண்டும். நன்றாக ஓடும் ரேடியேட்டரின் உஷ்ணம் ஒருபுறமிருந்து மறுபுறம் சீராகக் குறையும்; இடையில் குளிர்ந்த திட்டுகள் தென்பட்டால் அங்குள்ள குழாய்கள் உப்பினால் அடைபட்டுள்ளன என அறியலாம். சூடான நிலையில் மூடியைத் திறப்பது கொடிய புண்ணை விளைவிக்கும் செயலாதலால் எக்காலத்தும் தகாது.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இந்தியாவில் பெட்ரோலுடன் எத்தனால் கலக்கும் அளவு 2022-இல் நூற்றுக்குப் பத்துப் பங்கை எட்டியது. 2023 பிப்ரவரியிலிருந்து 20 பங்கு கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து பரவியுள்ளது. கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகள் இதனால் மூன்று வகையில் பாதிக்கப்படுகின்றன.

முதலாவது, கலவையின் அளவு. ஒரு பங்கு பெட்ரோல் முழுதும் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். 20 பங்கு கலந்த எரிபொருளுக்கு ஏறத்தாழ 13.5 பங்கு காற்றுப் போதும். கார்புரேட்டரின் துளை இவ்வேறுபாட்டை அறியாது. முன்போலவே திரவத்தை அளந்துவிடும். அதனால் கலவையில் காற்று மிகுந்து, எஞ்சின் தயங்கும், சூடும் மிகும். ஆயினும் புணேயின் உயரம் இதற்கு ஓரளவு எதிரானது. இங்குக் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட 5 அல்லது 6 சதவீதம் குறைவாதலின், அதே கார்புரேட்டர் இங்குச் சுமார் 3 சதவீதம் பெட்ரோல் மிகுந்த கலவையைத் தருகிறது. எத்தனாலினால் ஏற்படும் குறையோ சுமார் 8 சதவீதம். உயரத்தினால் ஒரு பகுதி ஈடாகிறது; எஞ்சியதைத் துளை மாற்றிச் சரிசெய்யவேண்டும். இதே வண்டி தாம்ஹினி வழியாகக் கடற்கரைக்கு இறங்கினால் அந்தச் சிறிய ஈடும் இராது. ஆகவே கார்புரேட்டரைச் செப்பனிடும்போது வண்டி பெரும்பாலும் எங்கே ஓடுகிறது என்பதை முதலில் கேட்டறிவது நலம்.

இரண்டாவது, ரப்பர். பழைய குழாய்களும் பம்பின் தோல்தகடும் எத்தனாலில் ஊறிப் பருத்தோ, வெடித்தோ கெடக்கூடும். சூடான எஞ்சினின் அருகே பெட்ரோல் கசிவது தீ விபத்திற்கு வழியாகும். எத்தனாலைத் தாங்கும் வகை ரப்பர்ப் பாகங்களை இடுவதில் காலம் தாழ்த்தலாகாது. மூன்றாவது, நீர். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்ப்பது. மழைக்காலத்தில் பாதி நிரம்பிய டாங்கியுடன் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் நீர் மிகுந்து, எத்தனாலும் நீரும் கூடி அடியில் தனிப்படலமாகப் பிரிந்துவிடக்கூடும். மேலும் எத்தனால், டாங்கியில் பல்லாண்டுகளாகப் படிந்த கசடைக் கரைத்துக் கிளப்பும். புதிய எரிபொருளுக்கு மாறியபின் முதல் சில நூறு கிலோமீட்டர்களில் வடிகட்டி அடைபடுவது இதனாலேயே, கார்புரேட்டரின் குற்றமன்று.

கியர் பெட்டிகள்

இவ்வண்டியின் துணைப் பெட்டியில், முன் அச்சிற்கும் பின் அச்சிற்கும் இடையே வேக வேறுபாட்டை ஈடுசெய்யும் டிபரன்ஷியல் இல்லை. முன் அச்சு இணைக்கப்பட்டதும் இரண்டும் ஒரே வேகத்தில் சுழலக் கட்டுண்டவை. வளைவில் செல்லும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் செல்ல வேண்டும். அச்சுகளுக்கிடையே 2.03 மீட்டர் இடைவெளியுள்ள இவ்வண்டியின் பின் அச்சு 5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்பினால், முன் அச்சின் நடு 5.4 மீட்டர் ஆரத்தில் செல்லும். ஒரு முழு வட்டத்தில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 2.5 மீட்டர். சேற்றில் சக்கரம் சிறிது வழுக்கி இதனை ஈடுசெய்துவிடும். உலர்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாமையால் தண்டுகள் முறுக்கேறுகின்றன. நெம்புகோல் அசையாமல் இறுகிப்போவதும், பற்கள் உடைவதும் இதன் விளைவே.

நேராகச் செல்லும் பாதையிலும் இது நிகழலாம். முன்னே புது டயரும் பின்னே தேய்ந்த டயருமாக, அவற்றின் உருளும் சுற்றளவில் 2 சதவீதம் வேறுபாடு இருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 20 மீட்டர் தூரம் முறுக்காகச் சேரும். நெம்புகோல் இறுகிய வண்டியைப் பட்டறைக்கு இழுத்துச் சென்று பெட்டியைப் பிரிப்பதற்கு முன், நான்கு டயர்களையும் அளந்து பார்ப்பது நன்று. இறுகியதைத் தளர்த்த வண்டியைச் சில மீட்டர் பின்னோக்கிச் செலுத்தினாலே பெரும்பாலும் போதும்.

ஓடும்போது கியர் தானே நழுவி நடுநிலைக்கு வருவது மற்றொரு குறை. தேய்ந்த பல்லும் தளர்ந்த பிடிவில்லும் காரணமாகலாம். ஆனால் உடைந்த எஞ்சின் தாங்கி ரப்பரும், நெம்புகோல் தரைத்தகட்டில் இடிப்பதும் அதே விளைவைத் தரும். இவற்றை வெளியிலிருந்தே காணலாம்.

எண்ணெய் மட்டத்திலும் ஒரு மயக்கம் உண்டு. கியர் பெட்டியும் துணைப் பெட்டியும் அடுத்தடுத்து இருப்பதால், இடையிலுள்ள பேரிங்கின் வழியே எண்ணெய் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும். ஒன்றில் குறைந்தும் மற்றதில் மிகுந்தும் காணப்பட்டால் எண்ணெய் வெளியே கசியவில்லை, இடம் மாறியிருக்கிறது. குறைந்த பெட்டியில் மட்டும் மேலும் ஊற்றிக்கொண்டே போனால், மிகுந்த பெட்டியில் சீலைத் தாண்டி எண்ணெய் வழியும். அவ்வெண்ணெய் சென்று விழும் இடம் யாது? இவ்வண்டியின் கைபிரேக் டிரம், துணைப் பெட்டியின் பின்புறத் தண்டில் பொருத்தப்பட்டுள்ளது. கைபிரேக் பிடிக்கவில்லை என்ற குறையின் வேர், எண்ணெய் மட்டத்தைச் சரிபாராமையில் இருக்கக்கூடும்.

கைபிரேக்கைப் பற்றி மற்றொன்றையும் மறவாதிருத்தல் வேண்டும். அது சக்கரத்தை நேரே பிடிப்பதில்லை. சுழல்தண்டைப் பிடித்து, அதன் வழியாகவே பின் சக்கரங்களை நிறுத்துகிறது. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கினால், அச்சிலுள்ள டிபரன்ஷியலின் காரணமாக மற்றச் சக்கரம் தடையின்றி உருளும். சுழல்தண்டைக் கழற்றினாலும் கைபிரேக் பயனற்றது. ஆகவே சரிவில் நிற்கும் வண்டியின்கீழ் எவரும் நுழையுமுன், தரையிலுள்ள சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்தே தீரவேண்டும்.

முன் சக்கரங்களின் நடுக்கம்

குறிப்பிட்ட வேகத்தை எட்டியதும் முன் சக்கரங்கள் இடமும் வலமும் வெடவெடவென ஆடி, ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பிடுங்குவது பழைய ஜீப்புகளில் அஞ்சத்தக்க குறை. டயரின் எடைச்சீரின்மை நடுக்கத்தைத் தொடங்கிவைக்கலாம். ஆனால் அதனை வளரவிடுவது பாகங்களின் தளர்ச்சியே. இரண்டையும் தனித்தனியே காண்பது அவசியம்.

முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரியும். அது சக்கர பேரிங்கின் ஆட்டமா, சக்கரம் திரும்புவதற்கு அச்சாணியாக உள்ள கிங் பின் பேரிங்கின் ஆட்டமா? உதவியாளர் ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, மீண்டும் அசைத்துப் பார்க்கவேண்டும். ஆட்டம் மறைந்தால் சக்கர பேரிங் தளர்ந்துள்ளது. மறையாவிடில் கிங் பின் தளர்ந்துள்ளது. பின்னதை மெல்லிய ஷிம் தகடுகளைக் குறைத்து இறுக்கலாம். அடுத்து, ஸ்டியரிங் அசைவை இரு சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்கும் நடுநெம்புகோலின் ஊசி பேரிங்குகளையும், இணைப்புத் தண்டுகளின் மூட்டுகளையும் பார்க்கவேண்டும். இவையெல்லாம் சரியான பின்னரே சக்கரங்களின் கோணத்தை அளத்தல் முறை. இவ்வண்டியில் முன் சக்கரங்கள் முன்புறம் உட்சாய்ந்திருக்க வேண்டிய அளவு ஓர் அங்குலத்தில் 3/64 முதல் 3/32 பங்கு, அதாவது 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர். பாகங்கள் தளர்ந்திருக்கையில் எடுத்த அளவு ஓடும்போது நிலைத்திராது.

ஓடையைக் கடந்தபின்

மழைக்காலத்தில் ஓடையைக் கடக்கும் வண்டியின் அச்சுக்கூட்டில் நீர் புகுவது எவ்வாறு? ஓட்டத்தால் கூட்டினுள் உள்ள எண்ணெயும் காற்றும் சுமார் 80 பாகை வரை சூடேறியிருக்கும் எனக் கொள்வோம். 30 பாகை நீரில் திடீரென இறங்கியதும் உள்ளிருக்கும் காற்றுக் குளிர்கிறது. கூடு முற்றும் மூடியிருப்பின் அதன் அழுத்தம் ஏறத்தாழ 14 சதவீதம் குறையும். வெளியழுத்தம் நீரைச் சீலின் உதடுகள் வழியே உள்ளே தள்ளுகிறது. இதனைத் தடுக்கவே கூட்டின் மேல் ஒரு மூச்சுத்துளை உள்ளது. அது சேற்றினால் அடைபட்டால், குளிரும்போது நீர் உள்ளே வருகிறது. சூடேறும்போது எண்ணெய் வெளியே போகிறது.

வெளியேறும் எண்ணெய் பின் அச்சின் முனையில் சீலைத் தாண்டி, பிரேக் லைனிங்கில் படிகிறது. வண்டி ஒருபக்கமாக இழுக்கிறது. லைனிங்கை மாற்றுகின்றனர், மீண்டும் நனைகிறது. சீலை மாற்றுகின்றனர், மீண்டும் கசிகிறது. மூச்சுத்துளையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தால் இக்குறை நீங்கிவிடும். துளையிலிருந்து ஒரு குழாயை உயரக் கொண்டுசென்று விடுவது நீரைக் கடக்கும் வண்டிகளுக்கு மேலும் நல்லது. அச்சிலிருந்து எடுத்த எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. பற்களும் பேரிங்குகளும் துருப்பிடிக்குமுன் அதனை மாற்றிவிட வேண்டும்.

பிரேக்

மலைநாட்டில் உயிருக்கே காவலாக உள்ளது பிரேக். 1,300 கிலோகிராம் எடையுள்ள வண்டி 700 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 90 இலட்சம் ஜூல். 30 லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடேற்ற இது போதும். சிங்ககட்டிலிருந்து சமவெளிக்கு இறங்கும் வண்டியை பிரேக்கால் மட்டும் தாங்கினால், இவ்வுஷ்ணத்தின் பெரும்பகுதி 9 அங்குல அளவுள்ள நான்கு டிரம்களில் சேர்கிறது. சூட்டில் லைனிங்கின் உராய்வு குறைகிறது. பிரேக் திரவம் கொதித்தால் குழாயில் ஆவி தோன்றி, மிதிகட்டை தரைவரை போய்விடுகிறது.

பிரேக் திரவமும் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்ப்பதே. டாட் 3 வகைத் திரவம் புதிதாயிருக்கும்போது 205 பாகைக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும் என்பது நியமம். ஈரம் ஏறிய நிலையில் அந்நியமம் 140 பாகையாகக் குறைகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆகையால் கசிவில்லாவிடினும், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் திரவம் முழுவதையும் மாற்றுவது நல்ல வழக்கம். பழைய ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டரும் ஒரே திரவச் சுற்றும் உள்ளன. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒருசேர அற்றுப்போகும். துருவேறிய குழாயையும் வெடிப்புற்ற ரப்பர்க் குழாயையும், இன்னும் சில நாள் போகட்டும் என விட்டுவைப்பது பேராபத்து.

மிதிகட்டையின் நடத்தையே குறையின் இடத்தைக் காட்டும். பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று உள்ளது. காலை அழுத்தி வைத்திருக்கும்போது மெல்லக் கீழிறங்கினால் கசிவோ, மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர்க் கிண்ணத் தேய்வோ உள்ளது. இருமுறை மிதித்ததும் உயர்ந்து நின்றால் லைனிங்கிற்கும் டிரம்மிற்கும் இடைவெளி மிகுந்துள்ளது. ஓடஓட நான்கு சக்கரங்களும் இறுகிக்கொண்டால், மிதிகட்டையில் அரை அங்குல அளவு இருக்கவேண்டிய வெற்று அசைவு இல்லாமல், திரவம் திரும்பிச் செல்லும் துளை மூடப்பட்டிருக்கலாம். ஒரு சக்கரம் மட்டும் இறுகினால் அதன் காற்று நீக்கும் திருகைச் சிறிது திறந்து பார்க்கலாம். உடனே விடுபட்டால் திரவம் அடைபட்டுள்ளது. விடுபடாவிடில் வில்லோ லைனிங் கட்டையோ துருவில் சிக்கியுள்ளது.

இறக்கத்தில் ஏறிவந்த கியரிலேயே இறங்குவது பழைய விதி. தாழ்ந்த விகிதம் இவ்வண்டியில் முன் அச்சு இணைந்த நிலையிலேயே சேருமாதலால், உலர்ந்த தார்ச்சாலையில் அதனை நாடாமல், உயர்ந்த விகிதத்தில் முதல் அல்லது இரண்டாம் கியரில் இறங்கவேண்டும். ஓடைநீரில் நனைந்த டிரம்களை, கடந்தவுடன் மெல்ல பிரேக் அழுத்திச் சிறிது தூரம் ஓட்டி உலர்த்தியபின்னரே இறக்கத்தில் புகவேண்டும்.

சோதனையின் வரிசை

பழைய வண்டியைச் செப்பனிட முற்படுவோர் முதலில் பிரேக், அடுத்து ஸ்டியரிங், அதன்பின் பெட்ரோல் கசிவு, கடைசியாக எஞ்சினின் ஓட்டம் என வரிசை வகுத்துக்கொள்ளுதல் பொருத்தமாகும். நின்ற எஞ்சினால் பயணம் தடைப்படும். நிற்காத வண்டியால் உயிர் போகும். ஒவ்வொரு குறையிலும், கழற்றாமல் காணக்கூடியவற்றைக் கண்டு, அளக்கக்கூடியவற்றை அளந்து, விலை குறைந்த காரணங்களை விலக்கிய பின்னரே விலை மிகுந்த பாகத்தில் கைவைக்க வேண்டும். ஒரு சிறு குறிப்பேட்டில் தேதி, ஓடிய தூரம், கண்ட குறி, செய்த மாற்றம், அதன் பயன் ஆகியவற்றை எழுதிவந்தால், இரண்டொரு மழைக்காலங்களில் அவ்வண்டியின் இயல்பு முழுதும் அதில் பதிந்துவிடும். வண்டி வேறொருவரின் கைக்கு மாறும்போது அக்குறிப்பேட்டையும் உடன் கொடுப்பது, புதிதாக ஓட்டுபவர் மலையிறக்கத்தில் அறியாமையால் இடர்ப்படாமல் காக்கும்.